கயிறு அறுபடவில்லை, லேத் எப்படி நகர்ந்தது?

கேள்வி இதுதான். தம்பி ஒருவர் 17 அடி பாடி உள்ள வண்டி ஒன்றை வாங்கி, பெங்களூரு பீன்யாவிலிருந்து பழைய மெஷின்களை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓட்டுகிறார். போன நடையில் 3 டன் லேத், அதாவது இரும்பைக் கடையும் மெஷின். ஆறு இடத்தில் கயிறு போட்டு, மேலே ஆள் ஏறி நின்று இழுத்துக் கட்டியிருக்கிறார். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டி திடீரென்று நிற்க, இவரும் பிரேக்கை மிதிக்க, லேத் அரை அடி முன்னால் வந்து கேபின் பக்கத்துப் பலகையைக் குத்தி நின்றிருக்கிறது. ஆறு கயிற்றில் ஒன்றுகூட அறுபடவில்லை. "கயிறு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எப்படி நகர்ந்தது? பெல்ட் வாங்கலாமா, செயின் வாங்கலாமா? செயினை இறுக்கும் லீவர் ஆபத்து என்கிறார்களே, உண்மையா? பைப் ஏற்றினால் எப்படிக் கட்டுவது?" என்று கேட்கிறார்.

நான் சங்ககிரிப் பக்கத்துக்காரன். கிளீனராக ஏறி, டிரைவராகி, இப்போது ஒரு யார்டில் வெளியே போகும் வண்டிகளின் கட்டு சரிபார்க்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. லேத் பலகையோடு நின்றது பெரிய அதிர்ஷ்டம். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் இடைவெளியில் தம்பியின் முதுகு இருந்தது.

முதல் விஷயம், பாரத்துக்கு மேலே குறுக்காகப் போடும் கயிறு பாரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அது பாரத்தைத் தரையோடு அழுத்துகிறது, அவ்வளவுதான். பாரத்தை நிறுத்துவது அதன் அடிப்பாகத்துக்கும் வண்டித் தரைக்கும் நடுவில் உள்ள உராய்வு. கயிற்றின் அழுத்தம் அந்த உராய்வைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. அதனால்தான் கயிறு முழுசாக இருக்க, லேத் அதற்கு அடியிலேயே வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

இதைக் கணக்காகப் பார்த்தால் பளிச்சென்று புரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாரம் கட்டுவதற்கு ஒரு பொதுவான அளவு வைத்திருக்கிறார்கள்: அவசர பிரேக் பிடிக்கும்போது பாரம் தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும். வளைவிலும் பின்பக்கமாகவும் 50 சதவீதம். அப்படியானால் 3 டன் லேத் முன்னால் தள்ளும் விசை 2.4 டன். அதைத் தடுக்க என்ன இருந்தது? கட்டைமேல் நிற்கும் மெஷின், அடியில் இரும்புத் தகடு. உராய்வு 0.3, அதாவது எடையில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். 3 டன்னுக்கு 0.9 டன் கிடைக்கும். அப்புறம் கயிறு. கையால் இழுத்துக் கட்டினால், கண் முடிச்சுப் போட்டு இழுத்தாலும், ஒரு கயிற்றில் நிற்கும் இழுவை சுமார் 100 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்துக் கீழ்நோக்கி அழுத்துவது 150 முதல் 200 கிலோ வரும். ஆறு கயிற்றுக்கும் சேர்த்து சுமார் ஒரு டன் அழுத்தம் என்று போட்டாலும், உராய்வில் கூடுவது 0.3 டன். மொத்தம் 1.2 டன். தேவையோ 2.4 டன். சரியாகப் பாதி. சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்வரை நிற்கும். சட்டென்று மிதிக்கிற அன்றைக்குக் கிளம்பிவிடும். தொப்பூரில் ரோடே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இன்னும் சுலபமாகக் கிளம்பும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய லேத் என்றால் எண்ணெய் ஒழுகும். கூலண்ட் தொட்டியைக் காலி செய்யாமல் ஏற்றினால் வழியெல்லாம் சொட்டி, கட்டைக்கு அடியில் போய்ச் சேரும். எண்ணெய் பட்ட இரும்புத் தகட்டில் நான் சொன்ன 0.3 கிடைக்காது, அதிலும் பாதியாக இறங்கும். எனவே ஏற்றுவதற்கு முன்னால் எண்ணெயையும் கூலண்டையும் வடித்துவிட்டு, வண்டித் தரையைக் கூட்டி, எண்ணெய்க் கறை இருக்கிற இடத்தில் மரத்தூள் போட்டுத் தேய்த்து எடுங்கள். கட்டுவதில் விளக்குமாறும் ஒரு கருவிதான் என்று என் யார்டில் வரும் பையன்களிடம் தினமும் சொல்கிறேன்.

சரி, கயிற்றுக்குப் பதில் ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை, போட்டால்? நல்ல 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் கையால் இறுக்கினால் சுமார் 300 கிலோ இழுவை நிற்கும். அந்தப் பக்கம் மூலையில் உரசிக் கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் சேர்த்து 550 கிலோ அழுத்தம் என்று வையுங்கள். 0.3 உராய்வில் ஒரு பெல்ட்டால் கூடுவது 165 கிலோ. நமக்குக் குறைவது 1.5 டன். பத்து பெல்ட் வேண்டும்! யாரும் லேத்துக்குப் பத்து பெல்ட் போடப் போவதில்லை.

இதே இடத்தில் லேத் நிற்கும் கட்டைகளுக்கு அடியில் ரப்பர் விரித்துப் பாருங்கள். உராய்வு 0.6 ஆகிவிடும். லேத்தின் எடையிலேயே 1.8 டன் கிடைத்துவிட்டது. குறைவது 0.6 டன். ஒரு பெல்ட் இப்போது 330 கிலோ கூட்டும். இரண்டே பெல்ட் போதும். பத்து எங்கே, இரண்டு எங்கே! இத்தனைக்கும் அந்த ரப்பர் பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய துண்டாக இருந்தாலே போதும், பழைய சாமான் கடையில் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு அடிக்கு ஒரு அடியாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு வெட்டி சீட்டுக்குப் பின்னால் போட்டு வையுங்கள். கட்டைக்கும் தரைக்கும் நடுவில் ஒன்று, மெஷினுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்று. இரண்டு இடத்திலும் வேண்டும். ஒன்றில் விட்டால் அந்த இடத்தில்தான் வழுக்கும். டயர் துண்டு வைப்பவர்கள் ரேடியல் டயரை வெட்டாதீர்கள். அதில் கம்பி இருக்கிறது, வெட்டிய ஓரத்தில் ஊசிபோல் நீட்டிக்கொண்டு பெல்ட்டையும் கையையும் கிழிக்கும். நைலான் டயர் என்றால் பரவாயில்லை.

மேலே போட்டு அழுத்துவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெஷினையே பிடித்து இழுத்துக் கட்டுவது. லேத்தின் நான்கு மூலையிலிருந்து நான்கு செயின் அல்லது பெல்ட். முன்மூலையில் பிடித்தது பின்பக்கத் தரை வளையத்துக்கும், பின்மூலையில் பிடித்தது முன்பக்கத் தரை வளையத்துக்கும் சாய்வாகப் போக வேண்டும். வண்டி பிரேக் பிடித்து லேத் முன்னால் கிளம்பப் பார்த்தால், பின்னோக்கி இழுக்கும் இரண்டும் நேராக விறைத்துப் பிடிக்கும். இங்கே கணக்கில் வருவது நாம் இறுக்கிய 300 கிலோ இல்லை, பெல்ட்டின் முழு தாங்கும் அளவு. லேபிளில் எல்சி 2500 என்று போட்ட பெல்ட் 2500 கிலோ தாங்கும். சாய்வில் போவதால் பாதிக்குச் சற்று மேல் என்று எடுத்துக்கொண்டாலும், இரண்டு பெல்ட் சேர்ந்து 2.7 டன் பிடிக்கும். உராய்வே இல்லாவிட்டாலும் 2.4 டன்னுக்கு அதுவே போதும். மேலே போட்டால் பத்து தேவைப்பட்ட அதே பெல்ட், இப்படிப் போட்டால் இரண்டு. பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்து நான்கு.

இதற்குத் தரையில் வளையம் வேண்டும். உங்கள் பாடியில் வெளிப்பக்கம் வரிசையாக இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிறு கட்டத்தான். மூன்று டன் மெஷினின் செயினை அதில் மாட்டினால் நிமிர்ந்து கழன்றுவிடும். பாடி கட்டுகிறவரிடம் சொல்லி, தரைக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, பக்கத்துக்கு மூன்று வீதம் ஆறு வளையம் வைக்கச் சொல்லுங்கள். வெறும் தரைத் தகட்டில் பற்றவைக்க விடாதீர்கள், தகடே கிழிந்து வரும். பெல்ட் வாங்குவதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

லேத்தில் எங்கே பிடிப்பது என்பது தனிப் பாடம். பலர் படுக்கைக்கு, அதாவது லேத்தின் நீளமான உடம்புக்கு, மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். முன்பக்கமாக ஓடும் லீட் ஸ்குரூ, ஃபீட் ராடு என்ற நீளத் தண்டுகள் அந்த இறுக்கத்தில் வளைந்துபோகும். ஊர் வந்து சேர்ந்ததும் வாங்கியவர் முகம் மாறும். படுக்கைக்கு நடுவில் குறுக்குச் சட்டங்கள் உண்டு, அதன் வழியாகப் பெல்ட்டை நுழைத்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கால்பகுதியின் அடித்தளத் துளைகளில் ஷேக்கிள் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்) மாட்டிப் பிடியுங்கள். படுக்கைமேல் நகரும் கேரியேஜையும் டெயில் ஸ்டாக்கையும் அதன் கடைசிக்குத் தள்ளிப் பூட்டிவிடுங்கள். கியர் இருக்கும் தலைப்பகுதியான ஹெட் ஸ்டாக் பக்கம்தான் கனம், அதனால் எடை நடுவில் இல்லை. ஹெட் ஸ்டாக் இருக்கும் முனையை வண்டியின் முன்பக்கமாக வைத்து, இரண்டு கால்களுக்கும் அடியில் குறுக்காகக் கனமான மரச்சட்டம் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்குங்கள். லேத் ஒல்லியாகவும் உயரமாகவும் இருப்பதால் நகர்வதைவிடச் சாய்வதுதான் வளைவில் பயம். அகலமான மரச்சட்டம் அந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்கும்.

கட்டுவதற்கு முன்னால் முட்டு. மெஷினை முன்பலகையோடு ஒட்டி வைக்க முடிந்தால் வையுங்கள். பின் அச்சு, முன் அச்சு எடைக் கணக்குக்காகத் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றால் நடுவில் காலி இடம் விடாமல் மரச்சட்டம் கொடுத்து முட்டுங்கள். காலி இடம் இருந்தால் பாரம் வேகம் எடுத்துக்கொண்டு வந்து இடிக்கும். ஒட்டி இருந்தால் சாய்ந்து தள்ளும், அவ்வளவே. முன்பலகை மெல்லிய தகடாக இருந்தால் முட்டுக்கட்டையைப் பலகையின் நடுவில் வைக்காமல், குறுக்கே நீளமாக ஒரு சட்டம் கொடுத்து இரண்டு பக்கத் தூணிலும் விசை போய்ச் சேரும்படி வையுங்கள். ஆப்பு வைத்தால் ஆணி அடியுங்கள். ஆணி அடிக்காத ஆப்பு இருபது கிலோமீட்டரில் கழன்று ஒரு மூலையில் கிடக்கும்.

இனி ராட்செட். இதை ஒழுங்காகப் போடத் தெரியாமல்தான் பெல்ட் மேல் பழி விழுகிறது. பெல்ட்டின் நுனியை நடு உருளையின் பிளவுக்குள் விட்டு, முதலில் கையாலேயே தொய்வு முழுவதையும் இழுத்துவிடுங்கள். அதன்பிறகு கைப்பிடியை ஆட்டுங்கள். இறுக்கம் வரும்போது உருளையில் குறைந்தது இரண்டு சுற்று, அதிகபட்சம் மூன்று சுற்று இருக்க வேண்டும். ஒரு சுற்றில் நின்றால் பெல்ட் நழுவும். நான்கைந்து சுற்று ஏறினால் உருளையில் இடம் இல்லாமல் இறுக்கமும் வராது, அவிழ்க்கவும் முடியாது. தொய்வை முதலில் இழுக்காததால்தான் இந்தச் சிக்கல். சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக நேராக ஏறுகிறதா என்று பாருங்கள், ஓரமாக ஏறினால் அவிழ்த்து மறுபடி ஆரம்பியுங்கள். முடிந்ததும் கைப்பிடியை முழுதாகப் படுக்கவைத்துப் பூட்டி, மீதி நுனியைக் கட்டிவிடுங்கள். அந்த நுனி காற்றில் அடித்துக்கொண்டே போனால் கிழிவதும் உண்டு, பின்னால் வரும் பைக்காரன் மேல் படுவதும் உண்டு.

ராட்செட் கைப்பிடியில் பைப் சொருகாதீர்கள். அது கை விசைக்காகவே செய்தது. 50 கிலோ இழுவைக்கு மேல் கொடுத்தால் பல் உடையும், அல்லது பெல்ட் உள்ளே நைந்திருப்பது வெளியே தெரியாமல் இருக்கும். பாலியஸ்டர் பெல்ட்டுக்கு நீல நிற லேபிள் இருக்கும். எல்சி என்பது நேராக இழுக்கும்போது தாங்கும் அளவு, எஸ்டிஎஃப் என்பது கையால் இறுக்கினால் நிற்கும் இழுவை. லேபிள் இல்லாத பெல்ட்டை நான் பெல்ட்டாகவே கணக்கில் எடுப்பதில்லை. அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் அது பாதி பலம்கூட இல்லை.

இரும்பு முனையில் பெல்ட் உட்காரும் இடத்தில் மூலைப் பாதுகாப்பு கட்டாயம். கோணிச் சாக்கு நான்கு மடிப்பு என்றால் சின்னப் பாரத்துக்குப் போதும், மெஷினுக்குப் போதாது. அங்கே கன்வேயர் ரப்பர் அல்லது மழுங்கிய ஆங்கிள் துண்டு வையுங்கள். பெல்ட் நின்றபடி அறுபடுவது அபூர்வம். வண்டி குலுங்கும்போது முனையில் முன்னும் பின்னும் உரசி, கத்தி வைத்தது மாதிரி அறுபடும்.

செயின் பற்றி. பத்து டன், பதினைந்து டன் மெஷின், கிரானைட் பிளாக், ஜேசிபி மாதிரி வண்டிகள் என்றால் செயின்தான். கிரேடு 80 செயினில் கணுக்களில் 8 அல்லது 80 என்று அடித்திருக்கும். 8 மில்லிமீட்டர் செயின் பாரம் கட்டுவதற்கு 4000 கிலோ, 10 மில்லிமீட்டர் 6300 கிலோ. கடையில் கிலோ கணக்கில் விற்கும் குறி இல்லாத செயின் வேறு, இது வேறு. அறுந்த செயினைச் சாதாரண போல்ட் போட்டு இணைப்பது கூடாது. ஒரே பக்கத்து இழுவைக்கு ஒரு செயினும் ஒரு பெல்ட்டும் கலந்து போடுவதும் கூடாது. பெல்ட் முழு பாரத்தில் 7 சதவீதம்வரை நீளலாம், செயின் நீளாது. அதனால் முழு விசையையும் செயின் ஒன்றே வாங்கும், பெல்ட் வேடிக்கை பார்க்கும். உங்கள் 3 டன் லேத்துக்குச் செயின் தேவையில்லை. நல்ல நான்கு பெல்ட் போதும்.

லீவர் ஆபத்தா என்று கேட்டீர்கள். ஆபத்துதான். அதை என் இடது கையைப் பார்த்தே சொல்கிறேன்.

2004-ல் ஒரு கிரானைட் யார்டில் செயினை அவிழ்க்கப் போனேன். ஏற்றும்போது மூன்றடி பைப்பை லீவரில் சொருகி இரண்டு பேர் தொங்கி இறுக்கியிருந்தோம். இரவெல்லாம் ஓடியதில் பிளாக் கட்டைமேல் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, செயின் ஏற்றியபோது இருந்ததைவிட விறைத்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கையை மூடிப் பிடித்து, குனிந்து, மேல்நோக்கி நெம்பினேன். நடுப்புள்ளியைத் தாண்டியதும் லீவர் தெறித்தது. சத்தம் கேட்டதற்கு அப்புறம்தான் வலி. முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது, அதனால் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அது ஏன் அப்படித் தெறிக்கிறது என்றால், லீவர் சுமார் 25 மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. 50 கிலோவுக்கு இழுத்தால் செயினில் ஒரு டன்னுக்கு மேல். பைப் சொருகினால் அதுவும் இரண்டு மூன்று மடங்கு. அந்த விசை முழுவதும் செயினில் சுருண்டு படுத்திருக்கும். கைப்பிடி நடுப்புள்ளியைத் தாண்டும் நொடியில் மொத்தமும் கைப்பிடி வழியாக வெளியே வரும். எனவே புதிதாக வாங்குகிறவர்கள் லீவர் வகையை வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் மரை உள்ள ராட்செட் வகை டைட்டர் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் மரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தெறிப்பதற்கு அதில் இடமில்லை. மரையில் கிரீஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவர்தான் கையில் இருக்கிறது என்றால், தரையில் நின்றபடி கீழ்நோக்கி இழுத்து மூடும்படி மாட்டுங்கள். பாரத்தின்மேல் ஏறி நின்று லீவர் போடாதீர்கள். பைப் வேண்டாம். மூடியதும் செயினின் மீதி நுனியைக் கைப்பிடியில் சுற்றிக் கட்டுங்கள், தானாகத் திறக்காது. அவிழ்க்கும்போது முகமும் நெஞ்சும் கைப்பிடி சுழலும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். விரல்களை மூடாமல், உள்ளங்கையைக் கைப்பிடிக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளுங்கள். தெறித்தாலும் கையை விட்டுப் போய்விடும். பக்கத்தில் நிற்பவரை முதலில் நகரச் சொல்லுங்கள்.

கயிற்றை இரட்டையாகப் போட்டு நடுவில் கம்பியோ கம்போ விட்டு முறுக்கி இறுக்குவதும் இதே வகை ஆபத்துதான். கை நழுவினால் கம்பி விசிறி மாதிரி சுற்றி வரும். பழைய ஆட்கள் செய்வதைப் பார்த்து நானும் செய்திருக்கிறேன். இப்போது என் யார்டில் விடுவதில்லை.

கயிற்றை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. மூட்டை, பெட்டி, தார்ப்பாய்க்குக் கயிறு நல்லது. கயிற்றில் இழுத்துக் கட்டும் அந்தக் கண் முடிச்சை ஒருமுறை நிதானமாகச் செய்து பழகுங்கள். ஒரு முனையை அந்தப் பக்கக் கொக்கியில் கட்டி, கயிற்றை மேலே போட்டு இந்தப் பக்கம் வாருங்கள். மார்பு உயரத்தில் கயிற்றை ஒருமுறை முறுக்கி ஒரு கண் செய்து, அதற்குக் கீழே தொங்கும் கயிற்றை மடித்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்தால் ஒரு வளையம் நிற்கும். மீதியைக் கீழே கொக்கிக்கு அடியில் கொடுத்து மேலே கொண்டுவந்து, அந்த வளையத்துக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். கணக்குப்படி மூன்று மடங்கு இழுவை. கயிறு கயிற்றோடு உரசுவதால் உண்மையில் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் குறைவு. அதே உரசல்தான் கயிற்றை அந்த இடத்தில் தேய்க்கிறது, எனவே ஒவ்வொரு நடைக்கும் கண் விழும் இடத்தை ஒரு முழம் மாற்றுங்கள். இழுக்கும்போது ஒரு கால் பின்னால், இரண்டு காலும் தரையில். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள வேண்டாம். உடம்பு எடையை முழுதாகப் பின்னால் சாய்த்துத் தொங்கவும் வேண்டாம். முடிச்சு நழுவினால் மல்லாந்து விழுவீர்கள். பாரத்தின் மேலே நின்று இழுத்து இப்படி விழுந்து இடுப்பு போன லோடுமேன்களை எனக்குத் தெரியும். தம்பி, உங்கள் கேள்வியில் "மேலே ஆள் ஏறி நின்று" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு லேத்தைவிட அந்த ஆளைப் பற்றித்தான் கவலை வந்தது. மேலே ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் கயிற்றையோ பெல்ட்டையோ சரிசெய்துவிட்டு இறங்கட்டும். இழுப்பது கீழே இருந்து.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். மழையில் ஓடினால் நின்று நின்று இறுக்கியாக வேண்டும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் வெளுத்து, தடவினால் தூள் உதிர்ந்தால் அதைத் தார்ப்பாய்க்குக்கூடப் போடாதீர்கள்.

பைப் ஏற்றுவதையும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். உருண்டைச் சாமானுக்கு மேலே போடும் கட்டு மட்டும் ஒருபோதும் போதாது. நடுவில் இருக்கும் பைப்கள் முன்னால் ஓடிவிடும். பைப் கட்டு முழுவதையும் பெல்ட்டால் ஒருமுறை முழுதாகச் சுற்றி நெரித்துப் பிடித்த பிறகே தரையோடு கட்ட வேண்டும். அடிவரிசையில் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்த ஆப்பு. முன்பக்கம் பலகையோடு ஒட்டி முட்டு. பின்னால் நீட்டிக்கொண்டு போகும்படி ஏற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி பாடியை விட்டு வெளியே நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதோடு அங்கேயே இறக்கிவைக்கவும் சொல்வார்கள். அபராதத்தை விடுங்கள், இரவில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அந்தப் பைப்பின் முனை தெரியாது.

எப்போது நிறுத்திப் பார்ப்பது? அமெரிக்க விதியில் கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். அதன்பிறகு 150 மைல் அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நம் ரோட்டுக்கு அது தாமதம். பாரம் உட்காருவது முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்தான். பீன்யாவில் ஏற்றினால் ஊரைத் தாண்டிய முதல் டீக்கடையில் ஒருமுறை. அப்புறம் தர்மபுரியைத் தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒருமுறை, இதை விடவே கூடாது. பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பது இல்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் நடுவில் கை வைத்து அழுத்துங்கள், ஒவ்வொரு ஆப்பையும் காலால் உதைத்துப் பாருங்கள். கட்டைக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால், ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தாலும் உடனே தெரியும்.

இறக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பெல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். பாரம் எந்தப் பெல்ட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். வழியில் சாய்ந்திருந்தால் இப்போது அதைத் தாங்குவது அந்தப் பெல்ட்தான், அதைத் திறந்தால் நம் மேல் வரும். அப்படியானால் கிரேன் கொக்கியை மாட்டி எடையை லேசாக வாங்கிய பிறகே திறக்க வேண்டும். பைப் லோடு என்றால் திறக்கும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. ராட்செட்டைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் விடுவிப்புத் தகட்டை இழுத்துப் பிடித்து, கைப்பிடியை முழுதாகப் பின்னால் மடக்குங்கள், ஒரே இழுப்பில் தளர்ந்துவிடும், அதனால் கொக்கிப் பக்கம் முகத்தை வைக்காதீர்கள்.

இப்போதைக்குக் கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை இது: முதலில் பாடியில் ஆறு வளையம். அடுத்து ரப்பர் துண்டுகள். அப்புறம் லேபிள் உள்ள 50 மில்லிமீட்டர் பெல்ட் ஆறு, நான்கு லேத்துக்கு, இரண்டு கூடுதல். நாலடி மரச்சட்டம் நான்கு, ஆப்பு எட்டு, ஆறு அங்குல ஆணி ஒரு கிலோ, நாலு பவுண்டு சுத்தியல், கடப்பாரை ஒன்று, தோல் கையுறை இரண்டு ஜோடி. கையுறை ஒன்று கிளீனருக்கு. பெல்ட்களை நடை முடிந்ததும் சுருட்டி ஒரு சாக்கில் போட்டு கேபினுக்குள் வையுங்கள். பாடியில் வெயிலில் கிடந்தால் ஒரே கோடையில் வெளுத்துப் போகும். பேட்டரி ஆசிட் பக்கமும் வைக்காதீர்கள்.